கருமருந்து துப்பாக்கியைக் கழுவ எந்த சொல்யூஷன்? நிறைய பேர் பண்ற தப்புகள்

கடைல போய் சால்வன்ட் பாட்டிலைத் தேடுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்விக்கு பதில் தெரியணும், நீங்க துப்பாக்கிக் குழல்ல போட்டு எரிச்சது எந்த வெடிமருந்து? இதைக் கேக்காம "எந்த க்ளீனர் பெஸ்ட்"னு ஆரம்பிக்கிறதுதான் முதல் தப்பு, மத்த தப்பு பாதி இதுல இருந்துதான் வருது.

நிஜ கருமருந்து, அதாவது பிளாக் பவுடர்னா, அதுல 75 சதவீதம் வெடியுப்பு, 15 கரி, 10 கந்தகம். இது முழுசா புகையாகிப் போயிடாது, எரிஞ்சதுல பாதிக்கு மேல திடப்பொருள்தான், கொஞ்சம் புகையோட வெளிய போகும் மீதி குழலுக்குள்ளயே ஒட்டிக்கும். அந்த ஒட்டினதுல பெரும்பங்கு பொட்டாசியம் கார்பனேட், பொட்டாசியம் சல்பேட், சல்ஃபைடுன்னு உப்புங்க, கூட கொஞ்சம் எரியாத கரி. கார்பனேட் காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்து இரும்பு மேல ஈரமாவே உக்காந்துக்கும். துரு பிடிக்க வேற என்ன வேணும்?

ஹாப்பீஸ் நம்பர் 9 மாதிரி சால்வன்ட்டை மட்டும் வச்சுத் துடைச்சுட்டு முடிஞ்சதுன்னு விடுறது ஏன் தப்புன்னு இப்ப புரியும். 1903ல வந்த அந்த ஃபார்முலா இப்பத்த தோட்டாக்கள்ல இருக்கிற புகையில்லா மருந்தோட கறைக்காக வந்தது, அந்த வேலைக்கு அது அருமையான சரக்கு. ஆனா தாளிக்கிற எண்ணெய்ல உப்பைப் போட்டா கரையுமா? துணி கறுப்பா வெளிய வரும், கரி போயிருக்கும், உப்பு அங்கயேதான் இருக்கும், அது மேல எண்ணெய் பூசி பீரோல வச்சுட்டு அடுத்த சீசன்ல எடுத்துப் பாத்தா குழல் உள்ள சொரசொரன்னு இருக்கும்.

உப்பைக் கரைக்க தண்ணியை மிஞ்சினது இல்ல. 20 டிகிரி தண்ணி 100 மில்லில 110 கிராம் கிட்ட பொட்டாசியம் கார்பனேட் கரையும், சல்பேட் கூட 11 கிராம் கரையும். ஒரு ஷாட்டுக்கு 70 கிரெய்ன்னு வச்சாலும் அது நாலரை கிராம்தான், 20 ஷாட் சுட்டாலும் ஒரு லிட்டர் தண்ணி தாராளம். பாத்திரம் விளக்குற லிக்விட் ரெண்டு சொட்டு விட்டா கரிப்பிசுக்கும் கிளம்பிடும். முதல் ஈரத்துணியை உள்ள விட்டு இழுக்கும்போது அழுகின முட்டை நாத்தம் குப்புன்னு அடிக்கும் பாருங்க, அது சல்ஃபைடு தண்ணியோட சேர்ற வாசம், தண்ணி வேலை செய்ய ஆரம்பிச்சிடுச்சுன்னு அர்த்தம்.

ஆனா "தண்ணிதான் எல்லாத்துக்கும்"னு பிடிச்சுக்கிட்டா அதுவும் தப்பு. கருமருந்துக்குப் பதிலா போடுற மாற்று மருந்துங்களும் இருக்கு. அதுல பைரோடெக்ஸ்ல பெர்குளோரேட் இருக்கு, அது எரிஞ்சா குளோரைடு உப்பு மிஞ்சும், துரு விஷயத்துல நிஜ கருமருந்தை விட மோசம், அதனால தண்ணி வைத்தியம்தான் ஆனா அன்னைக்கே பண்ணியாகணும். டிரிப்பிள் செவன்ல கந்தகம் கிடையாது, அதுவும் தண்ணிலயே போயிடும். பிளாக்ஹார்ன் 209 மட்டும் வேற சாதி, அது நைட்ரோசெல்லுலோஸ் அடிப்படைல செஞ்சது, அதுக்கு புகையில்லா மருந்துக்கான சால்வன்ட்தான் சரி, தண்ணிக் கரைசல் அங்க எடுபடாது. டப்பாவைத் தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி பின்பக்கம் எழுதியிருக்கிறதை ஒரு தடவை படிங்க.

அடுத்தது கொதிக்கிற தண்ணி. பழைய ஆளுங்க நிறைய பேர் கொதிக்கக் கொதிக்க ஊத்துவாங்க, குழல் சூடாகி தானா காஞ்சிடும்ங்கிறது கணக்கு. ஆனா உப்பு எல்லாம் கழுவின சுத்தமான இரும்புல சூடு, ஈரம், காத்து மூணும் சேர்ந்தா நிமிஷத்துல மெல்லிசா ஆரஞ்சு கலர்ல துரு பூத்துடும், அடுத்த துணி பழுப்பா வெளிய வரும். வெதுவெதுப்பு போதும், கரையிற கணக்கு மேலயே சொல்லிட்டேன்.

ஹைட்ரஜன் பெராக்சைடு, ஆல்கஹால், ஆயில் சோப் மூணும் சரிசமமா கலந்து ஊத்துற ஒரு கலவை ரொம்ப பாப்புலர். நுரை பொங்கி அழுக்கெல்லாம் மேல வர்றதைப் பாத்தா ஆசையாத்தான் இருக்கும், ஆனா பெராக்சைடோட குணமே ஆக்சிஜனேற்றம் பண்றது, துருங்கிறதும் அதேதான், அதைக் கொண்டு போய் நம்ம கையாலயே இரும்பு மேல ஊத்தணுமா? என்னைக் கேட்டா வேண்டவே வேண்டாம். ப்ளீச் கிட்டயே போகாதீங்க, குளோரின் ஸ்டெயின்லெஸ் குழலைக் கூட கடிச்சிடும். கண்ணாடி துடைக்கிற ஸ்ப்ரே தப்பில்ல, ஆனா அதுல பெரும்பகுதி தண்ணிதான், தனியா காசு குடுக்கத் தேவையில்ல.

பாலிஸ்டால் எனக்குப் பிடிச்ச சரக்கு. 1900கள் தொடக்கத்துல ஜெர்மன் ராணுவத்துக்காக வந்த எண்ணெய், தண்ணியோட கலந்தா பால் மாதிரி வெள்ளையா ஆகும், அமெரிக்கால இந்த மாதிரி கலவையை மூஸ் மில்க்னு சொல்வாங்க. 1 பங்குக்கு 10 பங்கு தண்ணி விட்டா தண்ணி உப்பைக் கரைக்கும், எண்ணெய் கொஞ்சம் படிஞ்சு நிக்கும். ரேஞ்சுல ஷாட்டுக்கு நடுவுல துடைக்க இதை அடிச்சுக்க ஆளில்ல. ஆனா அந்த மெல்லிசு படலம் மாசக்கணக்குல துப்பாக்கியைக் காப்பாத்தும்னு நம்பி விட்டுடாதீங்க, வீட்டுக்கு வந்து முழுசா கழுவி தனியா நல்ல எண்ணெய் போடணும். "தோசைக்கல் மாதிரி குழலைப் பழக்கிட்டேன், கழுவ வேணாம்"னு சிலர் சொல்வாங்க, தோசைக்கல் வார்ப்பிரும்பு, குழல் ஸ்டீல், அங்க படியிறது பாதுகாப்பு இல்ல, அழுக்கும் மெழுகும்தான்.

கரைசல் சரியா இருந்தும் துரு பிடிக்குதுன்னா அது போய்ச் சேராத இடம் இருக்குன்னு அர்த்தம். ஹாக்கன் டைப் துப்பாக்கில பிரீச் பக்கம், அதாவது அடிமுனைல, குழல் குறுகி ஒரு சின்ன அறையா முடியும், 50 காலிபர் துணி அங்க நுழையவே நுழையாது, சின்ன பிரஷ்ல துணி சுத்தித்தான் விடணும். இந்த டைப்ல குழலைக் கழட்டலாம், தீப்பொறி குடுக்கிற கேப் மாட்டுற நிப்பிளையும் கழட்டிட்டு அடிப்பக்கத்தை வாளித் தண்ணில நிக்க வச்சு இறுக்கமான துணியால பம்ப் அடிச்சா மூலை முடுக்கெல்லாம் அலசிடும். பிளின்ட்லாக்னா சிக்கிமுக்கிக் கல்லால பத்த வைக்கிற துப்பாக்கி, அதுல கட்டையோட பின் அடிச்சு மாட்டின குழலை அடிக்கடி கழட்டக் கூடாது, தீத்துளையைப் பல்குச்சியால அடைச்சுட்டு தண்ணி ஊத்தி பத்து நிமிஷம் ஊற விட்டுக் கவுத்துங்க, கட்டைக்கும் குழலுக்கும் நடுவுல தண்ணி இறங்காம பாத்துக்கங்க. எதுக்கும் முன்னாடி, உள்ள மருந்து இல்லன்னு ராம்ராடை (மருந்தை இடிச்சு இறக்குற கம்பி) விட்டு அளந்து பாத்துடணும், இதுல சமரசமே கிடையாது.

பென்சில்வேனியால கிறிஸ்துமஸுக்கு அப்புறம் பிளின்ட்லாக்குக்குன்னே ஒரு மான் சீசன் இருக்கு, வெளிய உறைய வைக்கிற குளிர், ஒரே ஒரு ஷாட் சுட்டுட்டு "ஒண்ணுதானே, நாளைக்குப் பாத்துக்கலாம்"னு கதகதப்பான ரூமுக்குள்ள கொண்டு வந்து வைப்பாங்க, குளிர்ந்த இரும்பு மேல ஈரம் பூத்து உப்போட சேர்ந்து ராத்திரியோட ராத்திரியா வேலையைக் காட்டிடும். அந்த நேரத்துல கைல பாட்டில் எதுவும் இல்லன்னா குடிதண்ணில நனைச்ச துணி நாலு விடுங்க, அப்புறம் காஞ்ச துணி விடுங்க, வீட்டுக்குப் போற வரைக்கும் தாங்கும்.

கழுவினதும் காஞ்ச துணி, அப்புறம் ஆல்கஹால் நனைச்ச துணி. டபிள்யூ டி 40 ஈரத்தை வெளிய தள்ள நல்லா உதவும், ஆனா அதையே கடைசி எண்ணெயா நினைச்சு நிறுத்தாதீங்க, மேல துரு தடுக்கிற எண்ணெய் போட்டு, மறுநாள் ஒரு வெள்ளைத்துணியை விட்டுப் பாருங்க. பழுப்பா வந்தா திரும்பக் கழுவுங்க. அடுத்த தடவை சுடப் போறப்ப, மருந்து போடுறதுக்கு முன்னாடி அந்த எண்ணெயை ஆல்கஹால் துணியால முழுசா எடுத்துடணும், இல்லன்னா பிரீச்ல தேங்கின எண்ணெய் மருந்தை நனைச்சு மான் முன்னாடி நிக்கும்போது வெறும் கேப் சத்தம் மட்டும்தான் கேக்கும்.