ஹேவன்: இரண்டு பேராகச் சேர்ந்து ஆடுவது எப்படி

பிரான்ஸைச் சேர்ந்த தி கேம் பேக்கர்ஸ் குழு 2020 டிசம்பரில் வெளியிட்ட வீடியோ கேம் ஹேவன். யாருக்கு யார் ஜோடி என்பதை மேலிடமே தீர்மானிக்கும் ஒரு சமூகம். அதை மீறி யூ என்ற பெண்ணும் கே என்ற ஆணும் தப்பி ஓடி, துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கும் சோர்ஸ் என்ற கோளில் குடியிருக்கிறார்கள். அவர்கள் வாழும் விண்கலம்தான் நெஸ்ட். அது பழுதாகிவிட, பாகங்களைத் தேடித் தீவு தீவாகப் போவதே விளையாட்டு. காதல் எப்படித் தொடங்கியது என்ற கதை இதில் கிடையாது. ஏற்கெனவே ஒன்றாக வாழும் இருவரின் அன்றாடம்தான் முழுக்க. இதை மனதில் வைத்து ஆடினால் பாதிக் குழப்பம் வராது.

ஒரே கன்ட்ரோலரில் தனியாக ஆடலாம். துணைக்கு ஆள் இருந்தால் இரண்டாவது கன்ட்ரோலரை எடுத்துக்கொண்டு எப்போது வேண்டுமானாலும் சேரலாம், விலகலாம். இணையம் வழி இருவர் ஆட விளையாட்டுக்குள் வசதி இல்லை. ஒரே திரைமுன் உட்கார வேண்டும். கணினியில் ஆடுபவர்கள் ஸ்டீம் என்ற விளையாட்டுத் தளத்தில் திரையைப் பகிர்ந்து ஆட உதவும் ரிமோட் பிளே டுகெதர் வசதி வழியாகத் தூரத்தில் இருப்பவரைச் சேர்த்துக்கொள்ளலாம். 2022 மார்ச் அப்டேட்டுக்குப் பிறகு இரண்டு பெண்களாகவோ இரண்டு ஆண்களாகவோ ஜோடியைத் தேர்ந்தெடுக்கலாம். அந்தரங்கமான பேச்சும் காட்சிகளும் உண்டு என்பதால், வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் அவர்கள் தூங்கிய பிறகு ஆடுவது நல்லது.

சறுக்குவதுதான் முதலில் கைவர வேண்டியது. தரையில் நீல இழைகளாக ஓடும் ஆற்றல்தான் ஃப்ளோ. சறுக்கியபடியே ஓர் இழையின் மேல் ஏறி, அது வளையும் பக்கமெல்லாம் வளைந்து கடைசி வரை போனால் ஃப்ளோ சேரும். தரையில் படிந்திருக்கும் 'துரு' என்ற மாசைத் துடைக்க அந்த ஃப்ளோதான் செலவாகும். புதிதாக ஆடுபவர்கள் துருவைக் கண்டதும் நேராக அதன்மேல் பாய்வார்கள். கையிருப்பு தீர்ந்ததும் துரு அப்படியே நிற்கும், ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொள்வார்கள். முதலில் இழை, பிறகு துரு. இந்த வரிசை மாறக் கூடாது.

இழை கைநழுவுவது பெரும்பாலும் வளைவில்தான். ஸ்டிக்கை ஒரேயடியாகத் தள்ளினால் இழையைத் தாண்டிப் போய்விடுவீர்கள். வளைவு வருவதற்குச் சற்று முன்பே மெல்லத் திருப்பத் தொடங்குங்கள். கூர்மையான திருப்பத்துக்கு, பக்கவாட்டில் வழுக்கித் திரும்பும் டிரிஃப்ட்டைப் பயன்படுத்துங்கள். தவறிவிட்டால் நடுவில் எட்டிப் பிடிக்க முயல வேண்டாம், தொடக்கத்துக்குத் திரும்பி வந்து மறுபடி பிடிப்பதே வேகமான வழி. இருவராக ஆடும்போது முன்னால் போகிறவர் "இடது, இப்போ வலது" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனால் கூட வருபவருக்குத் தடுமாற்றம் இருக்காது. உயரமான இடங்களுக்கு ஏற்றிவிடும் இழைகளும் இருக்கின்றன. வழியே இல்லை என்று தோன்றும் தீவில் முதலில் அவற்றைத் தேடுங்கள்.

சண்டையில்தான் பலர் திணறுகிறார்கள். முறை வைத்துத் தாக்கும் சண்டை அல்ல இது, நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். தனியாக ஆடினால் இடப்பக்கத்தில் இருக்கும் நான்கு திசைப் பட்டன்கள் (டி-பேட்) ஒருவருக்கு, வலப்பக்க நான்கு பட்டன்கள் மற்றவருக்கு. நான்கு திசைக்கும் நான்கு செயல்: இம்பாக்ட் (நேரடி அடி), பிளாஸ்ட் (ஆற்றலை வீசித் தாக்குவது), ஷீல்டு (தடுப்பு), பேசிஃபை (அமைதிப்படுத்துவது). பட்டனைத் தட்டினால் ஒன்றும் நடக்காது. அழுத்திப் பிடித்து, பலம் கூடியதும் விட வேண்டும். அவசரத்தில் முன்னதாகவே விட்டுவிடுவதுதான் தொடக்கத்தில் எல்லாரும் செய்யும் பிழை.

இருவரும் ஒரே தாக்குதலை ஏற்றி ஒன்றாக விட்டால் அது கூட்டுத் தாக்குதலாகி, தனித்தனியாக அடிப்பதைவிட நன்றாக வலுக்கும். "ஒண்ணு, ரெண்டு, விடு" என்று எண்ணிப் பழகுங்கள். ஆனால் எதிரே இருக்கும் விலங்கு பாயத் தயாராகும்போது ஒருவராவது ஷீல்டுக்கு மாற வேண்டும். சில விலங்குகளிடம் ஒருவகைத் தாக்குதல் எடுபடாது. இரண்டு முறை அடித்தும் பலன் இல்லையென்றால் மற்றதை முயலுங்கள். சோர்ந்து விழுந்த விலங்கை உடனே பேசிஃபை செய்தாக வேண்டும். தாமதித்தால் எழுந்து மறுபடி தாக்கும். துரு பிடித்ததால் வெறியேறிய உயிர்கள் அவை. கொல்வது இங்கே கிடையாது, அமைதிப்படுத்தி அனுப்புவதுதான்.

வழியில் கிடைக்கும் பழம், காய் எதையும் விடாமல் எடுத்துக்கொள்ளுங்கள். நெஸ்ட்டில் இரண்டு பொருளைச் சேர்த்துச் சமைக்கலாம். தெரியாத ஜோடியைச் சேர்த்துப் பார்த்தால்தான் புதிய உணவு தெரியவரும். பசிக்கிறது என்று யூவும் கேயுமே சொல்வார்கள். அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாமல் அடுத்த தீவுக்குப் போவது நல்லதல்ல, பசியோடு சண்டையில் சரிவர நிற்க முடியாது. காயத்துக்கான மருந்தையும் கிளம்புவதற்கு முன்பே தயார் செய்துகொள்ளுங்கள்.

வேறு விளையாட்டுகளில் அனுபவப் புள்ளி சண்டையில் சேரும். இங்கே லெவல் உயர்வது இருவருக்கும் இடையிலான உறவு வளரும்போது. சேர்ந்து சாப்பிடுவது, பேசுவது எல்லாம் அதில் சேரும். அதனால் இரண்டு மூன்று தீவுகள் முடித்ததும் வீடு திரும்புங்கள். உரையாடல்களைத் தாண்டிவிடாதீர்கள். பதில் தேர்ந்தெடுக்கும் இடத்தில், இருவராக ஆடினால் இருவரும் ஒரே பதிலுக்கு வர வேண்டும். வேறு வேறு பதிலில் நின்றால் பேச்சு நகராது. அந்த நேரத்தில் கன்ட்ரோலரைக் கீழே வைத்து, ஏன் அந்தப் பதில் என்று ஒருவரை ஒருவர் கேளுங்கள். கடைசியில் ஒரு தேர்வு வரும், முடிவு எந்தப் பக்கம் போகும் என்பது அதைப் பொறுத்தது. அங்கே மட்டும் யாரும் முந்திக்கொண்டு பட்டனைத் தொட வேண்டாம்.