புதுக்குதிரையை மறுநாள் காலையில் பாருங்கள்: சித்திரைப் பந்தயத்துக்கு முன் இளங்குதிரையை எடைபோடும் முறை

கொங்கு நாட்டில் மாடு பார்க்கத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. கண்ணபுரம் சந்தையில் ஒரு காங்கயம் கன்றைப் பத்தடி தள்ளி நின்று பார்த்தே, அது எப்படிப்பட்ட காளையாக வளரும் என்று சொல்லிவிடக்கூடியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் அதே கண்ணோடு குதிரையைப் பார்க்கப் போகும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். காளை ரேக்ளா, அதாவது இலேசான வண்டியில் பூட்டி ஓட்டும் பந்தயம், 200, 300 மீட்டரில் முடிந்துவிடும். அங்கே கிளம்பும் வேகமே பாதி வெற்றி. குதிரை ரேக்ளாவோ தார்ச்சாலையில் மைல் கணக்கில் நீளும்; அங்கே கிளம்பும் வேகத்தைக் கண்டு மயங்கியவர் திரும்பி வரும் வழியில் வருந்த வேண்டியிருக்கும்.

தை மாதம் கழிந்ததும், சித்திரைத் திருவிழாப் பந்தயங்களைக் கருதிப் பலர் புதுக்குதிரைகளை வண்டியில் பூட்டிப் பழக்கத் தொடங்குவார்கள். இதுவரை பந்தயம் காணாத ஒரு குதிரையை, ஏறத்தாழ எட்டு வார இடைவெளியில், பூட்டலாமா கூடாதா என்று முடிவு செய்வது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள். புதுக்குதிரையின் உண்மையான தேர்வு அது ஓடும்போது நடப்பதில்லை. ஓடி நின்ற பத்து நிமிடத்திலும், மறுநாள் விடியலில் கட்டுத்தறியை விட்டு எடுத்து வைக்கும் முதல் இருபது அடியிலும்தான் நடக்கிறது என்பது என் அனுபவம்.

இதைக் காசு கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். ஓர் ஆடி மாதம், அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாச் சந்தையில், நான்கு காலும் முகமும் வெளுத்த ஒரு பஞ்சகல்யாணிக் குட்டியை ஓட்டிப் பார்த்தேன். தலையைத் தூக்கி, காதை முன்னே நிறுத்தி, கடிவாளத்தை மென்றபடி அது போன போக்கில், கூட வந்த மாமாவின் பேச்சு என் காதில் ஏறவில்லை. “ஏனுங்க மாப்பிள்ளை, அது போனதப் பாத்தீங்க, செரி. வந்து நின்னதப் பாத்தீங்களா?” என்று அவர் இரண்டு முறை கேட்டார். அன்று மாலையே பணத்தை எண்ணிக் கொடுத்தேன். மறுநாள் காலை என் தோட்டத்தில் அது முன் வலக்காலைத் தரையில் முழுதாக ஊன்றாமல் நின்றது. முழங்காலுக்குக் கீழே, பின்பக்கத்து நரம்பு (தசைநாண்) விரல்கனத்துக்கு வீங்கிச் சூடாக இருந்தது. வலி மருந்து ஊசியின் வீரியம் ஒரு நாளைக் கடந்தால் இறங்கத் தொடங்கும் என்பதை ஒரு கால்நடை மருத்துவர் சொல்லி அப்போதுதான் அறிந்தேன். விற்றவர் ஊசி போட்டார் என்று என்னால் நிறுவ முடியாது. மறுநாள் காலைவரை காத்திராதது மட்டும் என் குற்றம்.

வயதிலிருந்து தொடங்குவோம். மாட்டின் பல் கணக்கை அப்படியே குதிரைக்குப் பொருத்தக் கூடாது. மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது. குதிரைக்கு மேலும் கீழும் ஆறாறு முன்பற்கள் உண்டு. நடு இரண்டு பால்பற்கள் ஏறத்தாழ இரண்டரை வயதிலும், அடுத்த இரண்டு மூன்றரை வயதிலும், ஓரத்து இரண்டு நாலரை வயதிலும் விழுந்து நிலைப்பல் முளைக்கின்றன. ஐந்து வயதில் வாய் நிறைகிறது. பால்பல் சிறியதாகவும் பால்போல் வெளுத்தும், ஈறோரத்தில் ஒடுங்கியும் இருக்கும். நிலைப்பல் அகன்று மஞ்சள் பாய்ந்திருக்கும். இந்தக் கணக்குக்கு எலும்போடு தொடர்பு உண்டு. முன்னங்கால் முட்டிக்கு மேலுள்ள எலும்பின் வளரும் முனை இரண்டு வயதைத் தாண்டிய பிறகே இறுகி மூடுகிறது; முதுகெலும்பு முற்றும் இறுக ஐந்து வயதுக்கு மேலும் ஆகும். ஆகவே நடுப்பல் இரண்டும்கூட விழாத குட்டியை, அது எத்தனை துடிப்பாக இருந்தாலும், தார்ச்சாலையில் வண்டி இழுக்க வைப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. வயதாலோ நோயாலோ காயத்தாலோ தகுதியற்ற விலங்கை வேலைக்குப் பூட்டுவது 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

வயதோடு உயரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பெரிய குதிரை, 45 இஞ்ச் குதிரை, புதுக்குதிரை என்று பிரிவுகள் வைத்து நடத்தும் பந்தயங்களில், மட்டக்குதிரையின் உயரம் அரை இஞ்ச் கூடினாலும் அது பெரியவற்றோடு ஓட வேண்டியதாகிவிடும். பிடரி முடியும் இடத்தில், தோளுக்கு மேலே உயர்ந்திருக்கும் மேட்டில், சமதரையில் நான்கு காலும் நேராக ஊன்றி நிற்கும்போது அளக்க வேண்டும். மூன்று வயதில் 44½ இஞ்ச் நிற்கும் குதிரை அடுத்த ஆண்டும் அதே பிரிவில் இருக்கும் என்று எவரும் உறுதி கூற முடியாது. லாடத்தின் கனமும் அளவில் சேரும் என்பதால், லாடத்தோடு அளப்பார்களா கழற்றி அளப்பார்களா என்பதை விழாக் குழுவினரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

நிறத்தைப் பற்றியும், உடம்பில் மயிர் சுழித்திருக்கும் சுழியைப் பற்றியும் நம் பக்கத்தில் நாள் முழுதும் பேசுவார்கள். சுழி விலையை மாற்றும், விற்கும்போது கைகொடுக்கும் அல்லது கையைக் கடிக்கும். ஓட்டத்தை மாற்றி நான் கண்டதில்லை.

கால்களுக்கு நேரம் ஒதுக்க வேண்டும். குதிரையை நிழலில் சமதரையில் நிறுத்தி, முதலில் நேர் எதிரே குந்திப் பார்க்க வேண்டும்: மார்பிலிருந்து ஒரு நூலைத் தொங்கவிட்டால் அது முழங்காலின் நடுவையும் கணுவின் நடுவையும் தொட்டுக் குளம்பின் நடுவில் விழ வேண்டும். குளம்பு உள்நோக்கித் திரும்பியிருந்தால் ஓட்டத்தில் கால் வெளியே வீசும்; வெளிநோக்கித் திரும்பியிருந்தால் உள்ளே வீசி, எதிர்க்காலின் கணுவை இடித்துக் காயப்படுத்தும். பக்கவாட்டில், கணுவுக்கும் குளம்புக்கும் இடைப்பட்ட பகுதி தரையோடு ஏறத்தாழ 45 முதல் 50 பாகை சாய்ந்து, அந்தச் சாய்வு குளம்பின் முன்சுவரிலும் முறியாமல் தொடர வேண்டும். நிமிர்ந்து நிற்கும் கணு தார்ச்சாலையின் அதிர்வை நேராக எலும்புக்கு அனுப்பும். மிகச் சாய்ந்த கணு நரம்பை இழுக்கும். பின்னிருந்து பார்க்கும்போது பின்னங்கால் முட்டிகள் ஒன்றையொன்று இலேசாக நோக்கினால் பெரும் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. முன்னங்கால் முட்டி பின்னோக்கி வளைந்திருந்தால் மட்டும் அந்தக் குதிரையை விட்டுவிடலாம்.

அடுத்து கைதான் பேச வேண்டும். காலைத் தூக்கி மடித்து, முழங்காலுக்குக் கீழே பின்பக்கத்துத் தசைநாணை, நம்மவர்கள் பின்நரம்பு என்பதை, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து மேலிருந்து கீழே உருவ வேண்டும். நல்ல நரம்பு முறுக்கிய கயிறுபோல ஒரே கனத்தில் வழுக்கிச் செல்லும். கெட்டதில் எங்கோ ஓரிடத்தில் மாவு பிசைந்ததுபோல் விரல் அமுங்கும், அல்லது குதிரை காலை வெடுக்கென இழுக்கும். எலும்பின் உட்பக்கத்தில் பட்டாணி அளவு கட்டி தென்பட்டால், அது இளங்குதிரைகளுக்கு வேலை தொடங்கும்போது வருவதுதான். சூடும் வலியும் இல்லையென்றால் அச்சப்பட வேண்டாம், அழுத்தினால் வலித்தால் சில வாரம் ஓய்வு கொடுக்க வேண்டும். கணுவின் பின்புறம் இரு ஓரத்திலும் விரல் வைத்தால் நாடி மங்கலாகத்தான் தெரியும். அது துள்ளினால் குளம்புக்குள் அழற்சி இருக்கிறது. குளம்பின் அடியில் முக்கோண வடிவில் உள்ள மெத்தைப் பகுதி அகன்று, துர்நாற்றமின்றி இருக்க வேண்டும்.

குதிரையால் வாய்வழி மூச்சுவிட முடியாது. முழு மூச்சும் மூக்கு வழிதான். எனவே மூக்குத்துளை அகலமாக விரிய வேண்டும், கீழ்த்தாடை எலும்புகள் இரண்டுக்கும் நடுவே ஒரு கைமுட்டி அடங்கும் இடம் இருக்க வேண்டும். ஓட்டத்தில் மூச்சு இழுக்கும்போது விசில்போலவோ உறுமல்போலவோ ஒலி கேட்டால் தொண்டையில் கோளாறு இருக்கலாம்.

ஓட்டிப் பார்ப்பதை விடியற்காலையில், முடிந்தால் வாய்க்கால் மேட்டு மண்பாதையில் தொடங்கலாம். பங்குனி வெயிலில் தார் காயும் முன் வீடு திரும்பிவிட வேண்டும். முதலில் வண்டியில்லாமல், தளர்ந்த கயிற்றில், ஒருவர் குதிரையோடு ஓட, நீங்கள் முன்னாலும் பின்னாலும் நின்று தலையைக் கவனியுங்கள். முன்னங்காலில் வலி இருந்தால், வலிக்கும் கால் ஊன்றும்போது தலை மேலே எழும், நல்ல கால் ஊன்றும்போது தாழும். பிறகு வண்டியைப் பூட்டி, நாலுகால் பாய்ச்சலுக்கு விடாமல், மூலைக்கால்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து விழும் சீரான ஓட்டத்திலேயே நான்கு கிலோமீட்டர் விடலாம். முதல் கிலோமீட்டரையும் கடைசி கிலோமீட்டரையும் தனித்தனியே ஸ்டாப்வாட்சில் பிடிக்க வேண்டும். முதல் கிலோமீட்டரில் பறந்துவிட்டுக் கடைசியில் நொண்டியடிக்கும் குதிரையைவிட, இரண்டுக்கும் வேறுபாடு சிறியதாக வைத்திருக்கும் மந்தமான குதிரையை நான் தேர்ந்தெடுப்பேன்; வேகத்தைப் பயிற்சியில் ஓரளவு கூட்டலாம். சாட்டை தொடாமல் ஓடுகிறதா என்பதையும் இங்கேயே பார்த்துவிடலாம். எதிரே லாரி வரும்போது, பின்னால் இருசக்கர வண்டிகள் ஒலியெழுப்பித் துரத்தும்போது காது எப்படித் திரும்புகிறது என்பது பந்தய நாளைப் பற்றி நிறையச் சொல்லும்.

நின்றதும் கடிகாரத்தை மறுபடி ஓட விடுங்கள். தாடை எலும்பின் கீழ்விளிம்பில் நாடி கிடைக்கும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்க வேண்டும். ஓய்வில் வளர்ந்த குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 துடிப்பு, 8 முதல் 16 மூச்சு. ஓடி நின்ற பத்து, பதினைந்து நிமிடத்தில் துடிப்பு 64-க்குக் கீழே இறங்கிவிட்டால் அந்த வேலை அதன் உடம்புக்குள் அடங்கியது என்று கொள்ளலாம். அரைமணி கடந்தும் இறங்காவிட்டால், அது கால்வலியாகவோ உடல்நீர் குறைவாகவோ பயிற்சிக் குறைவாகவோ இருக்கலாம். மூச்சின் எண்ணிக்கை துடிப்பையும் தாண்டினால் உடம்பு சூட்டில் தவிக்கிறது என்று பொருள். நிழலில் நிறுத்தி, நீரை ஊற்றி, வழித்தெடுத்து, மீண்டும் ஊற்ற வேண்டும். ஓடி வந்த சூட்டில் தண்ணீரே காட்டக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். குதிரையை நடத்திக்கொண்டே சிறிது சிறிதாகக் குடிக்கவிடுவதில் தீங்கு எதையும் நான் பார்த்ததில்லை. ஈறைக் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும்.

இனி மறுநாள் காலை. தீனி வைக்கும் முன்பே கட்டுத்தறிக்குப் போய், நேற்று வைத்த கொள்ளு தீர்ந்திருக்கிறதா, சாணம் வழக்கம்போல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மிச்சம் வைத்த தீனி மருத்துவருக்கு முன்பே செய்தி சொல்லிவிடும். பிறகு நான்கு கால்களையும் புறங்கையால் தொட்டு, ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சூடா என்று ஒப்பிட வேண்டும். அவிழ்த்துக் கல்தரையில் நடக்கவிட்டு முதல் இருபது அடியைக் கண்ணால் பார்ப்பதோடு காதாலும் கேட்க வேண்டும்: நான்கு குளம்பொலியும் ஒரே அழுத்தத்தில் விழ வேண்டும். சிறிய வட்டமாகத் திருப்பினால், நேர்நடையில் ஒளிந்திருந்த நொண்டல் வெளியே வரும். இடுப்புத் தசை கல்போல் இறுகி, சிறுநீர் காப்பி நிறத்தில் கழிந்தால் உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். ஓய்வு நாளிலும் முழு அளவு கொள்ளும் தானியமும் கொடுத்துவிட்டு அடுத்த நாள் திடீரென ஓட்டினால் வரும் கேடு அது. ஓய்வு நாளில் தானியத்தைப் பாதியாகக் குறைத்துப் புல்லைக் கூட்டுவது எங்கள் வழக்கம்.

இந்த எண்களையெல்லாம் ஒரு பள்ளி நோட்டில் வாரம் தவறாமல் எழுதிவர வேண்டும். எட்டு வாரத்தில் ஒரே தூரத்துக்கு நாடி முன்னைவிட விரைவாக இறங்கிவருகிறது என்றால் குதிரை ஏறுமுகத்தில் இருக்கிறது. ஆறாம் வாரத்துக்குப் பிறகும் அதே இடத்தில் நிற்கும் குதிரையின் பெயரைப் பந்தயத்துக்குக் கொடுப்பதை நான் தவிர்ப்பேன்.

வெளியூர்க் குதிரைகளோடு சேரும் முன், கிளாண்டர்ஸ் என்னும் தொற்றுநோய் இருக்கிறதா என்று அறிய ரத்தப் பரிசோதனை அவசியம். இந்த நோய் மனிதருக்கும் தொற்றும். நோய் உறுதியானால் குதிரையைக் கொல்வதைத் தவிர வழியில்லை, 2009-ஆம் ஆண்டின் விலங்குத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி அதை அறிவித்தாகவும் வேண்டும். விட்டுவிட்டு வரும் காய்ச்சலும் வயிற்றின் அடியில் வீக்கமும் இருந்தால், ஈ கடித்துப் பரவும் சர்ரா நோயா என்று பார்க்கச் சொல்லலாம். தடுப்பூசிகளில் டெட்டனசை மறக்கக் கூடாது. லாடத்தை நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம் என்பதால், புது லாடம் பந்தயத்துக்கு ஒரு வாரம் முன்பே அமையும்படி நாளைக் கணக்கிட வேண்டும். முந்தைய நாள் அடித்த ஆணி சதையைத் தொட்டிருந்தால் அதைக் கண்டுபிடிக்க நேரம் இருக்காது.

இப்போது என் கட்டுத்தறியில் நிற்கும் செந்நிறக் குட்டி, கடைசி கிலோமீட்டரை முதலாவதைவிட நான்கு விநாடி மட்டுமே கூடுதலாக எடுத்துக்கொள்கிறது. நாடியும் பன்னிரண்டாம் நிமிடத்தில் இறங்கிவிடுகிறது. ஆனாலும் இந்தச் சித்திரைக்கு அதன் பெயரைக் கொடுக்கவில்லை. இரண்டாம் சோடிப் பால்பற்கள் ஆடிக்கொண்டிருக்கின்றன. கடிவாளம் படும்போதெல்லாம் தலையை இடப்பக்கம் சாய்க்கிறது.