பழைய லாரியில் ஆயில் பிரஷர் கேஜ் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய லாரிகளில் இருக்கும் மெக்கானிக்கல் ஆயில் பிரஷர் கேஜுக்கு, உள்ளே எரியும் சின்ன பல்பைத் தவிர வேறெதற்கும் கரண்ட் தேவையில்லை. இன்ஜின் பிளாக்கிலிருந்து மெல்லிய டியூப் வழியாக ஆயிலே நேராக கேபினுக்குள் வந்து, கேஜுக்குள் வளைந்திருக்கும் போர்டான் குழாயை நிமிர்த்தப் பார்க்கிறது. முள் நகர்வது அதனால்தான். 1849-இல் யூஜின் போர்டான் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு இது, இன்றும் அப்படியே ஓடுகிறது. கொதிக்கிற ஆயில் டிரைவரின் முழங்காலுக்கு மேலே பிரஷரோடு நிற்கிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டால் பாதித் தவறுகள் நடக்காது.

முதல் தவறு, ஸ்பேனரை எடுப்பதற்கு முன்பே நடந்துவிடுகிறது. முள் இறங்கியதும் கேஜ் போய்விட்டது என்று முடிவு கட்டுவது. டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். அளவு சரியாக இருந்தால், நம்பகமான இன்னொரு கேஜை பிளாக்கிலேயே நேராக மாட்டி அளந்து பாருங்கள். அதிலும் குறைவாகக் காட்டினால் கோளாறு பம்பிலோ பேரிங்கிலோ இருக்கலாம். புது கேஜும் அதையேதான் சொல்லும். இன்ஜின் நின்ற பிறகும் முள் பூஜ்யத்துக்கு இறங்காமல் நிற்கிறது, டியூபிலும் அடைப்பில்லை என்றால் அந்த கேஜைத் தயங்காமல் மாற்றலாம்.

எலக்ட்ரிக் கேஜை வாங்கி வந்து பழைய ஆயில் டியூபோடு இணைக்கப் பார்ப்பதும் உண்டு. அதற்கு பிளாக்கில் பிரஷரை உணர்ந்து சிக்னல் அனுப்பும் சென்டர் (sender) வேண்டும், வயர் வேண்டும். மெக்கானிக்கல் கேஜும் எலக்ட்ரிக் கேஜும் வேறு வேறு சரக்கு.

அதிகம் சேதம் செய்வது த்ரெட் விவகாரம். எட்டில் ஒரு பங்கு அங்குல என்பிடி (அமெரிக்க பைப் அளவு) த்ரெட்டில் அங்குலத்துக்கு 27 புரி, பிஎஸ்பி (பிரிட்டிஷ் பைப் அளவு) த்ரெட்டில் 28. பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றிரண்டு சுற்று ஏறவும் செய்யும். பிறகு இறுகும். 'கொஞ்சம் பலம் கொடுத்தால் போய்விடும்' என்று ஸ்பேனரை அழுத்தினால் பித்தளை நிப்பிள் நாசம், அல்லது ஆயில் கசிவு. வார்ப்பிரும்பு பிளாக்கில் சரிவான த்ரெட்டை அளவுக்கு மீறி முறுக்கினால் பிளாக்கே விரிசல் விடும். கையால் சில சுற்று சுகமாக ஏறாத நிப்பிளை ஸ்பேனரால் ஏற்றாதீர்கள்.

டெஃப்லான் டேப் விஷயத்தில் தாராளம் காட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். முதல் புரியை விட்டுவிட்டுச் சுற்ற வேண்டும். இல்லையென்றால் பிய்ந்த துணுக்கு உள்ளே போய் டியூபின் சின்ன துவாரத்தை அடைத்து, நல்ல இன்ஜினுக்கும் பிரஷர் இல்லை என்று காட்டும். ஃபெரூல் (டியூப் முனையில் அழுந்திப் பிடிக்கும் சின்ன வளையம்) வைத்த யூனியனுக்கு டேப்பே கூடாது. அங்கே உலோகமும் டியூபும் நெருங்கி அழுந்துவதுதான் சீல். பழைய ஃபெரூலையும் திரும்பப் போடாதீர்கள். டியூப் முனையை நேராக வெட்டி, பிசிறு எடுத்து, புதியதைப் போடுங்கள். சில கேஜ்களின் வாயில் ஊசித்துளை அளவுக்கு ஒரு தடுப்பு இருக்கும். அடைப்பு என்று நினைத்து அதை டிரில் போட்டுப் பெரிதாக்க வேண்டாம். முள் துடிக்காமல் இருக்கவும், டியூப் அறுந்தால் ஆயில் பீய்ச்சாமல் இருக்கவுமே அது இருக்கிறது.

கேஜ் பின்னால் நட்டை இறுக்கும்போது இரண்டு ஸ்பேனர் வேண்டும். ஒன்று கேஜின் தண்டைப் பிடிக்க, மற்றது நட்டைத் திருப்ப. ஒரே ஸ்பேனரால் திருப்பினால் தண்டும் சேர்ந்து திரும்பி உள்ளே இருக்கும் பற்றவைப்பு விட்டுவிடும்.

டியூப் போகும் வழியைத்தான் பலர் அலட்சியம் செய்கிறார்கள். நைலான் டியூப் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைத் தொட்டால் உருகும். சூடான மேனிஃபோல்டில் ஆயில் தெறித்தால் லாரி தீப்பிடிக்கும். காப்பர் டியூப் சூட்டைத் தாங்கும், அதிர்வைத் தாங்காது. அதிர அதிரக் கடினமாகி, நட்டின் ஓரத்திலேயே வெடிக்கும். அதனால் இன்ஜின் பக்கம் இரண்டு மூன்று வளையம் சுற்றி விடுவது வழக்கம். கேபின் தகட்டுத் துளையில் ரப்பர் கிராமெட் (துளையின் விளிம்பு டியூபை அறுக்காமல் காக்கும் வளையம்) இல்லாமல் எந்த டியூபையும் நுழைக்காதீர்கள். வார்னிங் லைட் சுவிட்சைக் கழற்றிவிட்டு அந்தத் துளையில் கேஜ் டியூபை மாட்டுவதும் சரியல்ல; டி ஜாயிண்ட் போட்டு இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். ஓட்டுகிறவர் கேஜைப் பார்க்காத நேரத்தில் லைட்தான் கூப்பிடும்.

வேலை தொடங்கும் முன் பேட்டரி டெர்மினலைக் கழற்றுவதையும், இன்ஜினை ஆறவிடுவதையும் சொல்லத் தேவையில்லை. டியூபைப் பிரித்துப் போட்டபடி 'ஒரு நிமிஷம்' என்று ஸ்டார்ட் பண்ணுவதை மட்டும் யாரும் செய்யாதீர்கள்.

மாட்டி முடித்ததும் ஐட்லிங்கில் விட்டு, ஒவ்வொரு ஜாயிண்டையும் உலர்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். குளிர்ந்த இன்ஜினில் முள் உயரமாக நிற்பது இயல்பு. சூடேறியபின் ஐட்லிங்கில் 10–15 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற பிரஷர் அளவு) காட்டுவது பல பழைய இன்ஜின்களுக்குச் சகஜம், ஆனாலும் கடைசி வார்த்தை வண்டியின் மேனுவலுக்குத்தான். மேனுவலில் 'பார்' என்ற இன்னொரு பிரஷர் அளவில் கணக்கு இருந்தால் ஒரு பார் 14.5 பிஎஸ்ஐ. இதைக் கவனிக்காமல் கேஜ் தப்பாகக் காட்டுகிறது என்று திருப்பிக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள்.