தஞ்சாவூர் வாடல்: தென்னந்தோப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் 2018 கஜா புயலுக்குப் பிறகு வைத்த கன்றுகள் இப்போது மரமாகிக் காய்க்கத் தொடங்கிவிட்டன. அவற்றைப் பார்த்துக்கொள்பவர்களில் பலர் விவசாயத்துக்குப் புதியவர்கள். எங்கள் தலைமுறை செய்த அதே தவறுகளை அவர்களும் செய்வதால்தான் இதை எழுதுகிறேன். உரம், களை பற்றியெல்லாம் சொல்லப் போவதில்லை. தஞ்சாவூர் வாடல் எனப்படும் அடித்தண்டு அழுகலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 1952 புயலை ஒட்டித் தஞ்சை மாவட்டத்தில் தலைகாட்டியதால் வந்த பெயர் அது. கானோடெர்மா என்ற பூஞ்சைதான் காரணம்.

காளான் முளைக்கட்டும் என்று காத்திருப்பது

தூரில் காளான் தெரியும்போது உள்ளே பெரும்பகுதி அழுகியிருக்கும். முதலில் வேர்தான் அழுகும். அடிமட்டைகள் பழுத்து, உதிராமல் மரத்தை ஒட்டித் தொங்கும். குரும்பை கொட்டும். அடித்தண்டில் செம்பழுப்புச் சாறு கசியும். இவற்றில் இரண்டு சேர்ந்து தெரிந்தாலே வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

சாறு வடிந்தாலே வாடல் என்று முடிவு கட்டுவது

தண்டில் ஓட்டையும் மென்று தள்ளிய நாரும் இருந்தால் அது சிவப்புக் கூன்வண்டு. வெடிப்பிலிருந்து மட்டும் சாறு வழிந்து, மட்டைகள் நன்றாக இருந்தால் அது சாறு வடிதல் என்ற வேறு நோய். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

மரத்தை அறுத்துவிட்டுத் தூரை மண்ணிலேயே விடுவது

இன்றைக்கும் எனக்குக் கோபம் வருவது இதில்தான். பேராவூரணி பக்கம் எனக்குத் தெரிந்த ஒருவர் தோப்பில் பட்டுப்போன மரங்களை வியாபாரி தரையோடு அறுத்து எடுத்துப் போனார். தூரைத் தோண்ட ஜேசிபி வாடகை ஆகும் என்று தோப்புக்காரர் அப்படியே விட்டுவிட்டார். அதோடு நிற்கவில்லை. தண்ணீர் வரும் பாத்தி ஏற்கெனவே இருக்கிறதே என்று தூரை ஒட்டியே புதுக்கன்றையும் வைத்தார். கன்று நன்றாகத்தான் வளர்ந்தது. பாளை விட்டுக் காய்க்கிற வயதில் அடிமட்டை தொங்க ஆரம்பித்தது. அப்புறம் பக்கத்து மரம், அதற்கும் பக்கத்து மரம். வாடகையில் மிச்சம் பிடித்த பணத்துக்குப் பல வருட வளர்ப்பு போயிற்று.

மரம் செத்தாலும் பூஞ்சை சாகாது. மண்ணுக்குள் இருக்கும் தூரும் வேரும்தான் அதற்குச் சாப்பாடு. பக்கத்து மரத்தின் வேர் அங்கே வந்து தொட்டால் நோய் ஏறிவிடும். போதாததற்கு, அழுகும் தூரில் காண்டாமிருக வண்டும் முட்டையிட்டுப் பெருகும்.

அதனால் தூரை வேரோடு தோண்டி அங்கேயே எரித்துவிடுங்கள். தோண்டிய தூரை வாய்க்கால் கரையில் உருட்டிவிடுபவர்களையும் பார்த்திருக்கிறேன். அடுத்தவர் தோப்புக்குச் செய்யும் துரோகம் அது. அந்தக் குழியிலேயே உடனே கன்று வைக்க வேண்டாம், தள்ளி வையுங்கள். நோய் கண்டு இன்னும் நிற்கும் மரத்தைச் சுற்றி ஒன்றரை மீட்டர் தள்ளி, 60 செ.மீ. ஆழம், 30 செ.மீ. அகலத்தில் பள்ளம் எடுத்தால் வேரோடு வேர் தொடாது. மரத்துக்கு வருடம் 5 கிலோ வேப்பம்புண்ணாக்கு, தொழு உரத்தில் கலந்த டிரைக்கோடெர்மா (நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சை) வையுங்கள். மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த ஒரு சதவீத போர்டோ கலவை 40 லிட்டர் ஊற்றுவதும் உண்டு. டிரைக்கோடெர்மாவையும் போர்டோ கலவையையும் ஒரே சமயத்தில் போடாதீர்கள், கலவையில் உள்ள தாமிரம் டிரைக்கோடெர்மாவைக் கொன்றுவிடும்.

மரத்துக்கு மரம் தண்ணீரைப் பாய விடுவது

கல்லணைக் கால்வாயில் தண்ணீர் வந்ததும் தோப்பு முழுக்கத் திறந்துவிடுகிறார்கள். நோயுள்ள மரத்தைத் தொட்ட தண்ணீர் அடுத்த மரத்துக்குப் போகக் கூடாது. தனித்தனி வட்டப்பாத்தி, நடுவில் வாய்க்கால், அவ்வளவுதான்.

பழைய குறிப்பைப் பார்த்து டிரைடெமார்ஃப் கேட்பது

இந்தப் பூஞ்சைக்கொல்லி 2018-இல் தடை செய்யப்பட்டது. வேறு மருந்துக்கு வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் கேளுங்கள்.

வேரில் மருந்து கட்டிய மரத்தில் இளநீர் இறக்குவது

மருந்துப் பையை வேரில் கட்டினால் மரம் மருந்தை உறிஞ்சிக்கொள்ளும், அதனால் 45 நாள் கழியும்வரை கூடாது. தேங்காயும் பறிக்கக் கூடாது.