சபாத்தீயா என்றால் எந்தக் காலணி?

காலணி ஏற்றுமதிப் பட்டியல்களை ஸ்பானிய மொழியில் எழுதித் தரும் வேலையில் புதிதாகச் சேர்வோர் இலக்கணத்தில் தடுமாறினால் எனக்குக் கவலையில்லை. ஆண்பால், பெண்பால் பிழைகளைக் கணினியே பிடித்துவிடுகிறது. சரியாக எழுதிவிட்டதாக அவர்கள் நினைக்கும் இடத்தில்தான், முன்பு நான் விழுந்த அதே குழியில் அவர்களும் விழுகிறார்கள்.

காலணியைக் குறிக்கும் சபாத்தோ என்ற பொதுச் சொல்லில் சிக்கல் எதுவும் இல்லை. அதன் போர்ச்சுகீசிய உறவான சபாத்துதான் ஈழத் தமிழில் ‘சப்பாத்து’ ஆனது என்பதால் நமக்கு அது அந்நியமும் அன்று. தொல்லை, ‘சிறிய சபாத்தோ’ என்ற பொருள்பட அதிலிருந்து உருவான சொல்லில் இருக்கிறது.

சபாத்தீயா

ஸ்பெயினில் இச்சொல் வீட்டுக்குள் அணியும் மென்செருப்பைக் குறிக்கும். ‘விளையாட்டுக்கான’ என்ற அடையோ சூழலோ இருந்தால் ஓட்டக் காலணியையும் குறிக்கும். அர்ஜென்டினாவிலும் சிலியிலும் பெருவிலும் அடையே இல்லாமல் அது ஓட்டக் காலணிதான். மெக்சிகோவிலோ சபாத்தீயா என்பது பெண்கள் விசேஷங்களுக்கு அணியும், குதி உயர்ந்த காலணி. ஓட்டக் காலணிக்கு அங்கே ‘தெனிஸ்’ என்று பெயர்.

இவற்றில் முதல் இரண்டை மட்டும் அறிந்திருந்த காலத்தில், ஆம்பூரிலிருந்து மெக்சிகோவுக்குப் போகவிருந்த ஆண்கள் ஓட்டக் காலணிகளின் பெட்டிகளுக்கு ‘ஆண்களுக்கான சபாத்தீயா’ என்று எழுதிக் கொடுத்தேன். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகளில் ஒட்டி முடித்த பிறகு, கிடங்கில் எடுத்த படம் ஒன்று வாங்குபவருக்குப் போனது. ஆண்களுக்கு ஹீல்ஸ் செய்யத் தொடங்கிவிட்டீர்களா என்று அவர் சிரித்துக்கொண்டே கேட்டார். இங்கே யாருக்கும் சிரிப்பு வரவில்லை. பழைய ஒட்டுச்சீட்டை உரித்தால் அட்டையின் மேல்தாளும் கூடவே கிழிந்து வந்ததால், அதன்மேலேயே பெரிய சீட்டை ஒட்ட வேண்டியதாயிற்று. இரண்டு நாள் கூலியும் அச்சுச் செலவும் என் ஊதியத்தில் கழிந்தன.

பணம் போனது மறந்துவிட்டது. ‘ஸ்பானிஷ் எல்லாம் ஒன்றுதானே’ என்று சொல்லி, சரக்கு போகும் நாட்டின் பெயரைக்கூடத் தெரிவிக்காமல் அந்த வேலையை என்னிடம் தந்ததும், நானும் கேட்காமல் விட்டதும் இன்றும் எரிச்சலூட்டுகின்றன. சென்ற மாதம் ஒரு பயிற்சியாளர் அதே சொல்லை அதே நாட்டுக்கு எழுதிவிட்டு, அகராதியில் முதல் பொருளே அதுதான் என்று வாதிட்டார். அகராதி பொய் சொல்லவில்லை. அந்தப் பொருள் எந்த நாட்டுக்குரியது என்பதை அவர்தான் பார்க்கவில்லை.

ரப்பர் செருப்பு

ஸ்பெயினிலும் மெக்சிகோவிலும் சாங்க்லா, அர்ஜென்டினாவில் ஒஹோத்தா, வெனிசுவேலாவில் சோலா. பெருவில் ‘சயோனாரா’ என்கிறார்கள். விடைபெறுவதற்கான ஜப்பானியச் சொல் அங்கே காலுக்கு வந்துவிட்டது. ஒஹோத்தா, தென் அமெரிக்கப் பழங்குடி மொழியான கெச்சுவாவிலிருந்து வந்தது. ஆண்டீஸ் மலைப்பகுதியில் அதே பெயர் உழவர்களின் முரட்டுச் செருப்பையும் குறிக்கும் என்பதால், படம் இல்லாமல் இச்சொல்லை அனுப்பாதீர்கள்.

லேஸ்

மெக்சிகோவில் லேஸுக்கு அகுஹேத்தாஸ் என்று பெயர். ஸ்பெயினில் அதே சொல், பழக்கமில்லாத உடற்பயிற்சிக்கு மறுநாள் வரும் தசைவலி. ‘கூடுதல் அகுஹேத்தாஸ் இலவசம்’ என்று ஸ்பெயினுக்கான பட்டியலில் ஒருவர் எழுதியிருந்ததை அச்சுக்குப் போகும் முன் பிடித்தேன். அங்கே கொர்தோனெஸ் என்பதே சொல்; பெருவில் பசதோரெஸ்.

குதி

ஸ்பெயினில் தாக்கோன், அர்ஜென்டினாவில் தாக்கோ. மெக்சிகோவில் தாக்கோவைத் தின்பார்கள்.

கால்பந்துக் காலணி

கொலம்பியாவில் குவாயோஸ், பெருவில் சிம்புனெஸ், அர்ஜென்டினாவில் போத்தீனெஸ். இந்தக் கடைசிச் சொல் ஸ்பெயினில் கணுக்கால் வரை வரும் பூட்ஸ்.

அளவு

மெக்சிகோவில் 26 என்பது பாதத்தின் நீளம், சென்டிமீட்டரில். ஐரோப்பிய அளவில் 26 சிறு குழந்தைக்கானது. எண்ணை அப்படியே நகலெடுக்காதீர்கள்.