பழைய டிவிடி, புதிய டிவி: நடுவில் நடக்கும் தவறுகள்

புதிதாக வாங்கிய பெரிய டிவியில் கல்யாண டிவிடியைப் போட்டுவிட்டு, "பழைய டிவியிலேயே நல்லாத் தெரிஞ்சுதே" என்று சொல்லாத வீடு குறைவு. டிவி சரியில்லை என்பார்கள், இல்லாவிட்டால் டிஸ்க் போய்விட்டது என்பார்கள். பெரும்பாலும் இரண்டுமே நன்றாகத்தான் இருக்கும். பிளேயரிலிருந்து டிவிக்குப் படம் போகிற வழியில்தான் கோளாறு.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. நம் ஊரில் வழங்கும் 'பால்' (PAL) என்ற வீடியோ முறை டிவிடியில் ஒரு ஃபிரேமுக்கு 720 × 576 புள்ளிகள், அதாவது 4,14,720. ஃபுல் எச்டி டிவியில் 1920 × 1080, அதாவது 20,73,600. சரியாக 5 மடங்கு. 4கே டிவி என்றால் 20 மடங்கு. இல்லாத புள்ளிகளைப் பக்கத்துப் புள்ளிகளை வைத்துக் கணித்து யாராவது நிரப்பியாக வேண்டும். பிளேயர் பெட்டியில் பெரிய எழுத்தில் போடுகிற '1080பி அப்ஸ்கேலிங்' இந்த வேலைதான். அதைப் பார்த்து டிவிடி எச்டி ஆகிவிடும் என்று நம்பிக் கூடுதல் பணம் கொடுப்பது பலர் செய்யும் முதல் தவறு. டிஸ்க்கில் இருப்பதற்கு மேல் எதுவும் வராது. ஆனால் இருப்பது முழுதாக வந்து சேர்ந்தால் டிவிடி இன்றைக்கும் பார்க்க நன்றாகவே இருக்கும். அது வந்து சேராமல் போவதுதான் எனக்கு வருத்தம்.

பிளேயர் வாங்கப் போகுமுன் டிவியின் பின்பக்கத்தை ஒருமுறை பாருங்கள். மஞ்சள், சிவப்பு, வெள்ளை துளைகள் இல்லாத டிவிகள் இப்போது நிறைய வருகின்றன. விலை குறைந்த பிளேயர்களில் சிலவற்றில் அந்த மூன்று வண்ண ஏவி வெளியீடு மட்டும்தான் இருக்கும். இரண்டும் ஒரே வீட்டில் வந்து சேர்ந்தால் ஒன்றோடொன்று பேசாது. படமும் ஒலியும் ஒரே கேபிளில் போகிற எச்டிஎம்ஐ துளை உள்ள பிளேயரைத்தான் வாங்க வேண்டும். இதில் யோசிக்க எதுவும் இல்லை.

எச்டிஎம்ஐ இருக்கும் பிளேயரை வாங்கிவிட்டும் அதைப் பயன்படுத்தாத வீடுகள் உண்டு. காரணம் எளிது: பெட்டிக்குள் ஏவி கேபிள்தான் வைத்திருப்பார்கள், எச்டிஎம்ஐ கேபிளைத் தனியாக வாங்க வேண்டியிருக்கும். இருப்பதை மாட்டினோம், படம் வந்தது, சரி என்று விட்டுவிடுகிறோம். மஞ்சள் கம்பி ஒன்றில் வெளிச்சமும் நிறமும் கலந்தே போகின்றன. டிவி அதைப் பிரிக்கும்போது சிவப்புப் புடவையின் ஓரம் கசியும், எழுத்துகளின் விளிம்பில் புள்ளிகள் ஊரும், நெருக்கமான கோடு போட்ட சட்டையில் வானவில் ஓடும். பழைய குழாய் டிவியின் சின்னத் திரையில் இது கண்ணுக்குத் தெரியவில்லை. பெரிய திரையில் மறைக்க இடமில்லை.

எச்டிஎம்ஐ கேபிளுக்காக அதிகம் செலவழிக்கவும் வேண்டாம். தங்க முலாம், 8கே என்றெல்லாம் அச்சிட்ட கேபிள் டிவிடிக்குத் தேவையே இல்லை. ஒன்றரை மீட்டர் சாதாரண 'ஹை ஸ்பீட்' கேபிள் போதும். படம் விட்டு விட்டு வந்தாலோ வராமலே போனாலோ கேபிளைச் சந்தேகிக்கலாம். ஒழுங்காக வருகிற படத்தை விலை உயர்ந்த கேபிள் இன்னும் அழகாக்காது.

பழைய பிளேயரில் ஏவி மட்டும்தான் இருக்கிறது, அதையே வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் இரண்டு இடங்களில் கவனம் தேவை. பல டிவிகளில் மஞ்சள் துளை தனியாக இருக்காது. பச்சைத் துளையே ஏவி, கம்போனன்ட் (படத்தை மூன்று கம்பிகளில் பிரித்து அனுப்பும் இணைப்பு) என்று இரண்டு வேலையும் பார்க்கும். அதன் பக்கத்தில் வீடியோ, ஒய் என்று இரண்டும் எழுதியிருக்கும். மஞ்சள் கம்பியை அதில் செருகிவிட்டு ரிமோட்டில் 'கம்போனன்ட்' என்று தேர்ந்தெடுத்தால் படம் கறுப்பு வெள்ளையில் வரும். டிவி கெட்டுவிட்டது என்று மெக்கானிக்கைக் கூப்பிடுமுன் சோர்ஸை 'ஏவி'க்கு மாற்றிப் பாருங்கள். இன்னும் சில டிவிகளில் இயர்போன் பின் போகிற மாதிரி ஒரு சிறு துளைதான் இருக்கும். அதற்கு டிவியோடு வந்த இணைப்பு வயரையே போடுங்கள். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே கம்பிகளின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். தவறானதைச் செருகினால் படம் உருளும், ஸ்பீக்கரில் உர்ரென்று இரைச்சல் வரும்.

டிவியில் ஏவியே இல்லை என்றால் கன்வர்ட்டர் வாங்குவோம். இங்கேதான் காசு அதிகம் வீணாகிறது. சென்னை ரிச்சி தெருவில் போய்க் கேட்டாலும் சரி, ஆன்லைனில் தேடினாலும் சரி, ஒரே உருவத்தில் இரண்டு டப்பாக்கள் கிடைக்கும். ஒன்று ஏவியை எச்டிஎம்ஐ ஆக்கும், மற்றது எச்டிஎம்ஐயை ஏவி ஆக்கும். ஒன்றின் வேலையை மற்றது செய்யாது. நமக்கு வேண்டியது 'ஏவி டு எச்டிஎம்ஐ'. அதில் ஏவி பக்கம் 'இன்' என்றும் எச்டிஎம்ஐ பக்கம் 'அவுட்' என்றும் எழுதியிருக்கிறதா என்று கையில் வாங்கிப் பாருங்கள். யுஎஸ்பி வழியாக அதற்கு மின்சாரமும் கொடுக்க வேண்டும். இவ்வளவும் செய்தாலும் மஞ்சள் கம்பியின் தரம்தான் வரும். கன்வர்ட்டருக்குக் கொடுக்கும் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து எச்டிஎம்ஐ பிளேயராகவே வாங்குவது நல்லது என்பேன்.

இப்போது, கிட்டத்தட்ட யாரும் கவனிக்காத ஒன்று. பிளேயரின் செட்டப் மெனுவில் 'டிவி டைப்' அல்லது 'டிவி டிஸ்ப்ளே' என்று ஒரு வரி இருக்கும். அதில் 4:3 லெட்டர்பாக்ஸ், 4:3 பான் ஸ்கேன், 16:9 என்று மூன்று தேர்வுகள். 4:3 பழைய குழாய் டிவியின் வடிவம், 16:9 இன்றைய அகலத் திரை. பல பிளேயர்கள் கடையிலிருந்து வரும்போதே 4:3இல் இருக்கும், நாமும் அப்படியே விட்டுவிடுகிறோம். அகலத் திரைக்கென்று தயாரித்த டிவிடியை லெட்டர்பாக்ஸில் ஓட்டினால், பிளேயர் 576 வரிகளையும் 432க்குள் அமுக்கி, மேலும் கீழும் கறுப்புப் பட்டை போட்டு அனுப்புகிறது. கால்வாசி விவரம் அங்கேயே போய்விட்டது. டிவிக்குப் போனபின் நான்கு பக்கமும் கறுப்பு, நடுவில் சின்னதாகப் படம். அல்லது டிவி இழுத்து நிரப்பினால் முகமெல்லாம் குட்டையாக, அகலமாக. அந்த வரியை 16:9க்கு மாற்றுவது அரை நிமிட வேலை. புதுப் பிளேயருக்குச் செலவழிப்பதைவிட இந்த ஒரு மாற்றம் அதிகப் பலன் தரும்.

மாற்றிய பிறகும் சினிமாஸ்கோப் படங்களில் மேலும் கீழும் பட்டை இருக்கும். அது சரிதான், படமே அந்த அகலத்தில் எடுத்தது. ஜூம் போட்டுத் திரையை நிரப்பினால் இரு பக்கமும் சேர்த்து ஏறக்குறைய கால்வாசிப் படம் வெட்டுப்படும். ஓரத்தில் நிற்கும் நடிகர் காணாமல் போவார். மறுபக்கம், பட்டைகளையும் படத்தோடு சேர்த்தே 4:3இல் பதித்த பழைய தமிழ் டிவிடிகள் ஏராளம். 16:9 வைத்தும் நான்கு பக்கமும் கறுப்பாக இருந்தால் டிஸ்க் அந்த ரகம். அதற்கு மட்டும் டிவி ரிமோட்டில் ஜூம் போடலாம்.

எச்டிஎம்ஐ ரெசல்யூஷனை எதில் வைப்பது? தெரிந்த ஒரு காட்சியை 576பியில் ஒருமுறை, 1080பியில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். முதலாவதில் புள்ளி நிரப்பும் வேலை டிவியுடையது, இரண்டாவதில் பிளேயருடையது. மலிவான பிளேயரும் நல்ல டிவியும் இருந்தால் 576பி நன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். டிவியில் 'விவிட்' போன்ற பளிச் மோடுகளையும் அதிக ஷார்ப்னஸையும் குறைத்துவிடுங்கள். டிவிடிக்கு அவை கூர்மை தருவதில்லை. சதுரம் சதுரமாகத் தெரியும் சிதைவுகளைத்தான் தூக்கிக் காட்டும்.

படம் வருகிறது, சத்தம் இல்லை என்றால் பிளேயரின் ஆடியோ அமைப்பைப் பாருங்கள். 'பிட்ஸ்ட்ரீம்' அல்லது 'ரா' என்றிருந்தால், டிஸ்க்கில் டிடிஎஸ் என்ற சுருக்கிய ஒலி இருக்கும்போது அது அப்படியே டிவிக்குப் போகும். டிடிஎஸ் புரியாத டிவி மௌனமாகிவிடும். டிவிக்குப் புரியும் சாதாரண ஒலியான 'பிசிஎம்' ஆக்குங்கள். ஹோம் தியேட்டருக்குத் தனி வயர் போகிறவர்கள் மட்டும் பிட்ஸ்ட்ரீமில் விடலாம்.

வெளிநாட்டு உறவினர் கொண்டுவரும் டிஸ்க்குகளில் மண்டலச் சிக்கல் உண்டு: ஒரு மண்டல எண்ணுக்கான டிஸ்க் வேறு மண்டலத்துப் பிளேயரில் ஓடாமல் போகலாம். டிவிடியில் இந்தியாவும் இலங்கையும் 5, சிங்கப்பூரும் மலேசியாவும் 3, பிரிட்டன் 2, கனடா 1. வெளிநாட்டுத் தமிழர்களுக்காக வந்த தமிழ்ப் பட டிவிடிகளில் பல எல்லா மண்டலத்திலும் ஓடுபவை, ஆனால் பாலுக்குப் பதில் என்டிஎஸ்சி (NTSC) என்ற வேறு வீடியோ முறையில் இருக்கும். அதற்காகப் பிளேயரின் 'டிவி சிஸ்டம்' வரியை என்டிஎஸ்சிக்கு மாற்றி நிரந்தரமாக விட்டுவிடாதீர்கள். பிறகு பால் டிஸ்க் போடும்போது அசைவுகள் திக்கித் திக்கி வரும். 'ஆட்டோ' அல்லது 'மல்டி' இருந்தால் அதுவே நல்லது.

ப்ளூ-ரே டிஸ்க்கை டிவிடி பிளேயரால் படிக்க முடியாது, உருவம் ஒன்றாக இருந்தாலும். ப்ளூ-ரே பிளேயர் டிவிடியையும் ஓட்டும். வீட்டில் ப்ளூ-ரே டிஸ்க் சேரும் என்று நினைத்தால் நேராக அதையே வாங்குங்கள்.

கடைசியாக அந்தக் கல்யாண டிவிடி. அது கம்ப்யூட்டரில் பதிந்த ரக டிஸ்க், உள்ளே இருக்கும் சாயப் பூச்சு வெயிலிலும் சூட்டிலும் மங்கும். கம்ப்யூட்டரில் போட்டு 'வீடியோ_டிஎஸ்' ஃபோல்டரை முழுதாக நகலெடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். கடையில் மாற்றக் கொடுப்பதானால் எம்பி4 மட்டும் வாங்கிவராதீர்கள். அப்படி மாற்றும்போது தரம் இன்னொரு படி குறையும். 'விஓபி' என்று முடியும் மூலக் கோப்புகளையும் பென்டிரைவில் கேட்டு வாங்குங்கள்.