ஒரு ‘ஜி’ கூடினால் வேறு இசை: ஸ்வீடனின் பழைய இசைத்தட்டுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்வீடனின் எழுபதுகளைத் தேடிப் போகிறவர்கள் முதலில் சறுக்கி விழுவது ஒரே ஓர் எழுத்தில்தான். ஆங்கிலத்தில் ‘புரோக்’ என்றால் புரோகிரசிவ் ராக்: இருபது நிமிடப் பாட்டு, நாலடுக்குக் கீபோர்டு, புராணக் கதை, விரல் வித்தை. ஸ்வீடன்காரர்கள் கடைசி ‘ஜி’ எழுத்தை இரட்டித்து ஒரு ‘புரோக்’ எழுதுகிறார்கள். அது ஓர் இசைவகையின் பெயரே அல்ல, ஓர் இயக்கத்தின் பெயர். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலவே வந்து விழுவதால், இந்தக் கட்டுரையில் ஒற்றை ஜி, இரட்டை ஜி என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

இரட்டை ஜி எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் பாதி ஏமாற்றம் குறையும். 1970 ஜூனில் ஸ்டாக்ஹோமின் யேர்தெட் புல்வெளியில், அனுமதி எதுவும் வாங்காமல், இளைஞர்கள் மேடை போட்டு மூன்று நாள் இசை விழா நடத்தினார்கள். டிக்கெட் கிடையாது; ‘கேட்டுக்கொண்டு உட்காராதே, நீயே வாசி’ என்பதே அங்கு நிலவிய மனநிலை. அந்தக் காலகட்டத்தில்தான் எம்என்டபிள்யூ, சைலன்ஸ் ஆகிய இரு சிறு நிறுவனங்கள் பெரிய வணிக நிறுவனங்களை ஒதுக்கிவிட்டுத் தாங்களே தட்டு போடத் தொடங்கின. 1974இல் ஆபா குழு யூரோவிஷன் என்ற ஐரோப்பியப் பாட்டுப் போட்டியில் வென்றதால் அடுத்த ஆண்டுப் போட்டி ஸ்டாக்ஹோமுக்கு வந்தது. அந்த வணிக இசைக்கு எதிராக, உடனே இவர்கள் அதே ஊரில், அதே நாட்களில், எதிர் விழா ஒன்றை நடத்தினார்கள். 1976 போட்டியில் ஸ்வீடன் கலந்துகொள்ளவே இல்லை.

ஆகவே இரட்டை ஜி என்ற கூடைக்குள் எல்லாம் கிடக்கும்: இடதுசாரிப் பிரச்சாரப் பாட்டு, தெரு நாடகக் குழு, குழந்தைப் பாடல், ஒரே சுரத்தில் கால் மணி நேரம் நிற்கும் கிதார், கிராமத்து வயலின். பாதிப் பேர் வாசிக்கப் பழகிக்கொண்டிருக்கும்போதே பதிவு செய்தவர்கள். இங்கிலாந்தின் ஒற்றை ஜி குழுக்களின் நேர்த்தியை எதிர்பார்த்துப் போய், ‘இவர்களுக்கு வாசிக்கவே தெரியவில்லையே’ என்று புலம்புவது இரண்டாவது தவறு. அந்த நேர்த்திதான் வேண்டுமென்றால் கைபா குழுவின் 1975 தட்டு இருக்கிறது; ‘முப்பதாண்டுப் போர்’ என்று பொருள்படும் திரெத்தியோரிகா கிரீகெத் குழுவின் 1974 தட்டு இருக்கிறது; இன்னும் பின்னால் 1992இல் வந்த எங்லகோர்தின் ‘ஹைப்ரிஸ்’ இருக்கிறது. இவை ஒற்றை ஜி. நல்ல தட்டுகள்தான், ஆனால் யேர்தெட் புல்வெளிக்கும் இவற்றுக்கும் உறவு மிகத் தொலைவு. சம்லா மம்மாஸ் மன்னா மாதிரி இரு பக்கமும் கால் வைத்தவர்களும் உண்டு. உப்சாலாவின் அந்தக் குழு சிக்கலான தாளங்களைச் சர்க்கஸ் கோமாளிபோலச் சிரித்துக்கொண்டே வாசிக்கும். கறாராக இனம் பிரித்தே தீருவேன் என்று உட்கார்ந்தால் இவர்களிடம்தான் தோற்பீர்கள்.

‘யாருக்கும் தெரியாத தட்டு’ என்ற பெருமையும் ஒரு பொறி. நமக்குத் தெரியாதது அந்த ஊர்க்காரர்களுக்கும் தெரியாததாக இருக்க வேண்டியதில்லை. மால்மோவின் ஹூலா பந்தூலா பேண்ட் அன்று கூட்டம் கூட்டமாக ஆட்களை இழுத்த குழு. அதற்கும் முன்னால் 1964இல் பியானோ கலைஞர் யான் யோஹான்சன், கேயோர்க் ரீதெலின் டபுள் பேஸை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு, நாட்டுப்புற மெட்டுகளை மெல்ல மெல்ல வாசித்து வெளியிட்ட ‘யாஸ் போ ஸ்வென்ஸ்கா’, அந்த நாட்டில் மிக அதிகமாக விற்ற ஜாஸ் தட்டு. அதை யாரோ தூசி தட்டி எடுத்த புதையல்போல விலை சொன்னால் நம்பாதீர்கள். புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியதும், என் பார்வையில், அந்தத் தட்டுதான். அரிய தட்டு என்பதும் நல்ல தட்டு என்பதும் வேறு வேறு. சில தட்டுகள் அரிதாகிப் போனதற்குக் காரணமே அன்று அவற்றை யாரும் விரும்பாததுதான்.

பெயர்களில் விழும் குழி ஆழமானது, நானே விழுந்திருக்கிறேன். பூ அண்டர்ஸ் பெர்சன் என்பவர் ஸ்டாக்ஹோம் இசைக் கல்லூரியில் படித்தவர். 1967இல் அமெரிக்க இசையமைப்பாளர் டெரி ரைலி அந்த ஊருக்கு வந்தபோது, சிறு துணுக்கைத் திரும்பத் திரும்ப வாசித்து நகர்த்தும் அவருடைய முறை பெர்சனைப் பிடித்துக்கொண்டது. அவர் கூட்டிய குழு பெர்சன் சவுண்ட். அதே ஆட்கள் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் ஆனார்கள். பிறகு வெறும் ஹார்வெஸ்டர். அதன்பின் ‘மரம், புல், கற்கள்’ என்று பொருள்படும் திரேத், கிரேஸ் ஓக் ஸ்தேனர். நான்கு பெயர்கள், ஏறக்குறைய ஒரே குழு. இது தெரியாமல் நான்கையும் நான்கு இடங்களில் தேடுகிறவர்கள் உண்டு. இதில் இன்னொரு திருப்பம்: இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரின் 1968 தட்டை வெளியிட்டது ஸ்வீடன் நிறுவனம் அல்ல, பின்லாந்தின் லவ் ரெக்கார்ட்ஸ். ஸ்வீடனில் அச்சான ‘முதல் பதிப்பு’ என்று அதை யாராவது நீட்டினால் இரண்டு முறை யோசியுங்கள்.

அதைவிட வேடிக்கை, இல்லாத அசலைத் தேடுவது. பெர்சன் சவுண்ட் வாசித்தது 1967, 68இல். அந்தப் பதிவுகள் தட்டாக வந்ததோ 2001இல், அதுவும் சிடியாக. எல்யர்னாஸ் திரேத்கோர்த் என்ற குழுவின் இரண்டாம் தட்டும் அப்படியே: எழுபதுகளின் நடுவில் பதிவாகி, 2001இல்தான் வெளிச்சம் பார்த்தது. பதிவான ஆண்டையும் வெளியான ஆண்டையும் ஒன்றாக எண்ணிக்கொண்டு ‘அறுபதுகளின் அசல் பதிப்பு கிடைக்குமா?’ என்று கேட்டுத் திரிந்தால், கிடைக்கும் என்று சொல்ல எங்காவது ஓர் ஆள் இருப்பார்.

நான் விழுந்த குழி வேறு. ‘வேலையும் ஓய்வும்’ என்று பொருள்படும் ஆர்பேத்தே ஓக் ஃப்ரிதித் குழுவுக்கு, குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட தட்டுகள் இரண்டு: ஒன்று 1970இல் வந்தது, மற்றது 1973இல் எம்என்டபிள்யூ வெளியிட்டது. நான் முதலாவதற்குப் பணம் அனுப்பினேன்; வந்தது இரண்டாவது. விற்றவர்மேல் தவறில்லை, தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு, வெளியிட்ட நிறுவனத்தையும் தட்டு எண்ணையும் பாராமல் விட்டது நான்தான். அன்றிலிருந்து தட்டின் நடு லேபிளை ஒட்டியுள்ள வெற்று வளையத்தில் கீறியிருக்கும் எண்ணைப் படமெடுத்து அனுப்பச் சொல்லாமல் காசைக் கையிலிருந்து விடுவதில்லை. உறையைப் பார்த்துப் போலியாக அச்சடித்துவிடலாம், அந்தக் கீறலைப் பார்த்து அடிப்பது அவ்வளவு எளிதல்ல.

தவறி வந்த அந்தத் தட்டுதான் எனக்கு நாட்டுப்புற இசையின் பக்கம் கதவைத் திறந்தது என்பது வேறு கதை. அதன் முதல் துண்டின் பெயர் ‘மாலுங் ஊரின் லெய்ஸ்மே பேர் லார்சன் எஃப்தர் ஒரு காங்லோத்’. ‘எஃப்தர்’ என்றால் அகராதியில் ‘பிறகு’. யாருக்குப் பிறகு, எதற்குப் பிறகு என்று கொஞ்ச நாள் மண்டையைக் குடைந்துகொண்டேன். கடைசியில் லெய்ஸ்மே பேர் லார்சன்தான் இசையமைப்பாளர் என்று முடிவு கட்டிவிட்டேன். இரண்டும் தவறு. நாட்டுப்புற வயலின்காரர்களிடம் ‘எஃப்தர்’ என்றால் ‘இன்னாரிடமிருந்து வந்த வழி’. அந்த மெட்டை யார் கட்டினார் என்பது யாருக்கும் தெரியாமல் இருக்கலாம். இவர் வாசித்த விதத்தில் அது நம் கைக்கு வந்தது என்பதே பொருள். ஒரே மெட்டு இன்னொரு வயலின்காரர் வழி வந்தால் அது வேறு உருப்படி. ‘பாரம்பரிய மெட்டு’ என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டால் தகவலின் பாதி போய்விடும்.

‘லோத்’ என்ற சொல்லும் ஏமாற்றும். இன்றைய ஸ்வீடிஷில் அது ‘பாட்டு’. நாட்டுப்புற வழக்கிலோ வயலினில் வாசிக்கும் மெட்டு. பாடகர் எங்கே என்று தேட வேண்டாம். காங்லோத் நடந்து போகும்போது வாசிப்பது, ஊர்வலத்துக்கு உரியது. ஷேங்க்லோத் கல்யாண வீட்டில் மொய் வைக்கும்போது வாசிப்பது.

இனி ‘போல்ஸ்கா’ என்ற நாட்டுப்புற நடன மெட்டு. இதைப் போல்கா என்று படித்துவிட்டு இரண்டிரண்டாகக் கை தட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். போல்கா இரண்டு எண்ணிக்கை, போல்ஸ்கா மூன்று. சரி, மூன்றுதானே, வால்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம் என்றால் அதுவும் சரிவராது. வால்ட்ஸில் முதல் அடி மட்டும் கனமாக விழும். போல்ஸ்காவில் வாசிப்பவரின் குதிகால் ஒன்றிலும் மூன்றிலும் தரையைத் தட்டும். இரண்டாவது அடியில் கால் காற்றில் நிற்கும். மாலுங் இருக்கும் மேற்குத் தாலார்னா போன்ற சில வட்டாரங்களில் மூன்று அடிகளும் ஒரே நீளம்கூட இல்லை. முதல் அடி குறுகி, இரண்டாவது நீண்டு இழுபடும். திஸ்ரம் பழகிய கை இங்கே நிச்சயம் தடுமாறும். தடுமாறும்போது ‘தாளம் தப்பி வாசிக்கிறான்’ என்று சொல்லிவிடாமல், தட்டில் கேட்கும் குதிகால் சத்தத்தை மட்டும் பிடித்துக்கொண்டு இரண்டு முறை கேட்டுப் பாருங்கள். ‘சுருதி பிசகு’ என்ற தீர்ப்பையும் அதேபோல் தள்ளி வையுங்கள். பழைய வயலின்காரர்கள் பியானோவின் இரண்டு கட்டைகளுக்கு நடுவே உள்ள சுரங்களை அறிந்தேதான் தொட்டார்கள்.

இந்த மெட்டுகளை மின் கிதாரில் ஏற்றியது கெப்னெகைசே, ஸ்வீடனின் மிக உயர்ந்த மலையின் பெயரைக் கொண்ட குழு. 1973இல் வந்த அவர்களுடைய இரண்டாம் தட்டை ‘ராக்’ என்று மட்டும் கேட்டுவிட்டுப் போவது பெரிய இழப்பு. அதில் ஹோர்யா மெட்டு இருக்கிறது. ஹெல்சிங்லாந்து பகுதியின் ஹோர்யா கிராமத்து இளைஞர்கள் ஆடிக்கொண்டிருந்த இடத்துக்குச் சாத்தான் வயலினோடு வந்தானாம். அவன் வாசிக்க வாசிக்க நிறுத்த முடியாமல் மலையுச்சிவரை ஆடிக்கொண்டே போய் எலும்பாகத் தேய்ந்து செத்தார்களாம். அந்தக் கதை தெரிந்த காதோடு கேட்டால், மெட்டு திரும்பத் திரும்ப வரும்போது சலிப்பு வராது, கொஞ்சம் பயம் வரும். அதே தட்டில் ‘பட்டை ரொட்டி மெட்டு’ என்று ஒன்று உண்டு. பஞ்ச காலத்தில் பைன் மரத்தின் உள்பட்டையை உலர்த்தி இடித்து, இருக்கிற மாவோடு கலந்து சுட்டது அந்த ரொட்டி. மொழி தெரியாவிட்டாலும் தலைப்புகளை மட்டுமாவது மொழிபெயர்த்துப் பார்க்காமல் தட்டைச் சுழல விடாதீர்கள். ஆர்பேத்தே ஓக் ஃப்ரிதித் ஒரு பாட்டுக்கு வைத்த பெயர், ‘பெட்ரோ கெமிக்கல், அதில் குளிக்க முடியாது’. அந்த இயக்கத்தின் கோபமும் கிண்டலும் அந்த ஒரு வரியிலேயே தெரியும்.

பூ ஹான்சனைப் பற்றிச் சுருக்கமாக. அவருடைய 1970 ஆர்கன் தட்டை சைலன்ஸ் வெளியிட்டது. இரண்டு ஆண்டு கழித்து அதையே லண்டனின் கரிஸ்மா நிறுவனம் ஆங்கிலத் தலைப்போடு உலகுக்கு விற்றது. இரண்டையும் இரு தட்டுகள் என்று நினைத்து வாங்க வேண்டாம். கேட்பதற்கு மட்டும் என்றால் கரிஸ்மா பதிப்பே போதும், விலையும் மலிவு.

வாங்கிய பிறகு செய்யும் தவறு ஒன்று பாக்கி. ஸ்வீடிஷ் நெடுங்கணக்கில் புள்ளியும் வளையமும் தலையில் வைத்த மூன்று எழுத்துகள் ‘இசட்’டுக்கும் பின்னால், கடைசியில் வருகின்றன. அவற்றை ‘ஏ’, ‘ஓ’ என்று எண்ணிக் கடைகளின் பட்டியலில் முன்பக்கமாகவே தேடினால், அப்படியோர் எழுத்தில் தொடங்கும், ‘கடமான்களின் தோட்டம்’ என்று பொருள்படும் எல்யர்னாஸ் திரேத்கோர்த் கண்ணில் படவே படாது. ‘எதிர்காலம் ஒரு மிதக்கும் கப்பல், அதன் நங்கூரம் பழங்காலத்தில்’ என்ற நீளத் தலைப்போடு 1972இல் வந்த அவர்களுடைய முதல் தட்டு, என் அலமாரியிலும் முதல் வரிசையில்தான் வெகுநாள் நின்றது. இப்போது கடைசிக்குப் போய்விட்டது, ஜன்னல் ஓரமாக. வெயில் படாமலிருக்க அதற்கு மட்டும் ஒரு திரை போட்டிருக்கிறேன்.